பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

சனிக்கிழமை சாயங்காலம் ஞானப்பூவின் அறையில் பதினோரு பிள்ளைகள் வட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டால், பன்னிரண்டாவது ஆளாக அவள் உட்கார அடுப்பு மேடையைத்தான் ஒட்டவேண்டும். முதுகில் மண்ணெண்ணெய் ஸ்டவ் இடிக்கும், முழங்காலில் பிள்ளைகளின் முழங்கால் இடிக்கும். தாராவியில் அதற்குமேல் இடம் யாருக்கு இருந்தது? கூரை தகரம். ஜூலை மழை அதில் விழ ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே காதில் விழாது. அதனால் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து, கையோடு கை கோத்துக்கொண்டு ஜெபம் பண்ணினார்கள்.

ஞானப்பூ மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வயது முப்பத்திரண்டு. கணவன் மாட்டுங்கா ரயில்வே ஒர்க் ஷாப்பில் பிட்டர். பிள்ளை இல்லை. சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்துகிற பொறுப்பு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். அவளுக்கு அது பெரிய சந்தோஷம்.

அதற்கு முன்னால் சபை ஊழியம் பார்க்கிற உபதேசியார் நடத்தினார். அவரிடத்தில் பிள்ளைகள் ஜெபம் பண்ணுவது என்றால், பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை சொல்வதை அப்படியே ஒப்பிப்பதுதான். 'கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே' என்று ஆரம்பித்து, மூச்சுப் பிடித்து ஓடி, 'ஆமென்' என்று போய் முட்டிக்கொண்டு நிற்கும். எல்லாம் பம்பாயில் பிறந்த பிள்ளைகள். வேதப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். கிருபைக்கும் இரக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சிரிக்கும். ஞானப்பூ முதல் நாளே அதையெல்லாம் ஒதுக்கி வைத்தாள். உங்கள் அம்மாவிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசுங்கள், தமிழ் வராவிட்டால் இந்தியில் சொல்லுங்கள், அவருக்கு எல்லா பாஷையும் வரும் என்றாள். அடுத்த வாரமே ஒருவன் இந்தியில், எங்கள் சந்துக் குழாயில் பானி வரவேண்டும் என்று ஜெபித்தான். இன்னொருத்தி கணக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று ஜெபித்தாள். உபதேசியார் கேள்விப்பட்டு முகத்தைச் சுளித்தார். ஞானப்பூ கண்டுகொள்ளவில்லை.

பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் ஜெபித்து முடித்ததும் வலப்பக்கத்தில் இருக்கிறவர் கையை ஒரு அமுக்கு அமுக்குவார்கள். முறை அடுத்தவருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வாய் திறக்க மனசில்லாதவர்கள், தங்களுக்கு அமுக்கு வந்த உடனே அதை அடுத்த கைக்குத் தள்ளிவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். அப்படித் தள்ளுவதில் தவக்கனியை யாரும் மிஞ்ச முடியாது. பதினாறு வயது. பதினோராம் வகுப்பு படித்தாள். இரண்டு வருஷமாக ஒரு வாரம் தவறாமல் வந்தாள், ஒரு வாரமும் வாய் திறந்ததில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எல்லாருடைய ஜெபத்தையும் கேட்பாள். தன் முறை வந்ததும் கிதியோன் கையை அமுக்கிவிடுவாள்.

அது அறுபத்தாறாம் வருஷம். ரேஷன் கடையில் அரிசி கண்ணில் படாத வருஷம். சிவப்பாக மைலோ என்று ஒரு சோளம் போட்டார்கள். அதை இடித்துக் கூழ் காய்ச்சினால் தொண்டையில் இறங்காமல் நிற்கும். அந்தப் பஞ்சத்திலும் தோல் கம்பெனியில் ஸ்டிரைக் நடந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதிக்கிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள். அவர்கள் காலைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியை நியாயமில்லை என்று சொல்லமாட்டார்கள். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று வெள்ளை வெள்ளையாகப் பொத்தல் விழுந்திருக்கும். கம்பெனி மாட்டேன் என்றது. இவர்களும் இறங்கமாட்டோம் என்றார்கள். நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. சந்தெல்லாம் பகல் நேரத்தில் ஆண்கள். வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற ஆணுக்குப் பொறுமை ஏது? எந்த வீட்டில் பார்த்தாலும் சண்டை. பிள்ளைகள் அதை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பதினொன்றில் எட்டுப் பிள்ளைகளின் அப்பாக்கள் அந்தக் கம்பெனிக்காரர்கள். கிதியோனின் அப்பா எலியாசர் யூனியனுக்குச் செக்ரெட்டரி. நல்ல மனுஷன், ஆனால் கோபக்காரர். தவக்கனியின் அப்பா மாசிலாமணி தொட்டியில் இறங்குகிறவர், வாய் பேசாத மனிதர். அவள் அம்மா லேயாளுக்கு டி.பி. இருமல் வந்தால் பக்கத்து மூன்று வீட்டுக்கும் கேட்கும்.

அன்றைக்கு மழை கொஞ்சம் விட்டிருந்தது. பாட்டு முடிந்ததும் ஞானப்பூ ஒரு சட்டம் போட்டாள். இன்றைக்கு யாரும் கையை அமுக்கிவிட்டுத் தப்பிக்கக் கூடாது. ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். நிஜமான வார்த்தையாக இருக்க வேண்டும். அவள் தவக்கனியைப் பார்த்துச் சொல்லவில்லை என்றாலும் தவக்கனிக்காகத்தான் சொன்னாள். மற்றவர்களுக்கும் அது தெரிந்தது.

ஐந்து பேர் ஜெபித்தார்கள். தவக்கனிக்கு முறை வந்தது. தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. ஞானப்பூ கண்ணைத் திறந்து, "ஒரு வார்த்தை மக்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

தவக்கனி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏசப்பா, எனக்கு ஒங்ககிட்ட எப்பிடிப் பேசன்னு தெரியல. எங்கம்மா ரத்தமா துப்புதா. ஊசி நின்னுச்சுன்னா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்கப்பா வேலைக்குப் போறாரு ஏசப்பா. காலைல இருட்டோட, தண்ணி வத்துத நேரமாப் பாத்து, காடி வழியா சேத்துக்குள்ள எறங்கிக் கம்பெனிப் பின்வாசலுக்குப் போறாரு. ஸ்டிரைக்க ஒடைக்கணும்னு போவல. நான் வேண்டாம்னேன். அழுதாரு. எங்கப்பா அழுது நான் பாத்ததே இல்ல. அவர யாரும் பாக்காம வச்சுக்கிடுங்க. பாத்தாலும் அடிக்காம வச்சுக்கிடுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

அவள் கிதியோன் கையை அமுக்கினாள். அமுக்கின பிறகுதான், அது யார் கை என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். காடி என்பது தாராவிக்குப் பின்னால் இருக்கிற உப்பங்கழி. கம்பெனியின் முன்வாசலில் இருபத்துநாலு மணி நேரமும் யூனியன் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம் இடுப்பளவு சேறு என்பதால் அங்கே யாரும் காவல் இல்லை. அதைத்தான் தவக்கனி, யூனியன் செக்ரெட்டரி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

கிதியோனுக்குப் பதினேழு வயது. மீசை அரும்புகிற பருவம். எப்போதும் கிரிக்கெட்டைப் பற்றி ஏதாவது ஜெபித்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பவன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஆண்டவரே, இவ சொன்னது இந்த ரூமத் தாண்டி வெளிய போவக்கூடாது. என் வாய்லேர்ந்து எங்கப்பா காதுக்குப் போவக்கூடாது. எனக்கு வாய் சும்மா இருக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியும். நீங்கதான் மூடி வைக்கணும். ஆமென்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். ஞானப்பூ அழுதாள். துக்கத்தில் இல்லை. இரண்டு வருஷமாக அவள் எதற்காகக் காத்திருந்தாளோ அது அன்றைக்கு நடந்துவிட்டது என்று நினைத்தாள். பிள்ளைகள் நிஜமாக ஜெபம் பண்ணிவிட்டார்கள். ஒருவர் பாரத்தை இன்னொருவர் வாங்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் கட்டன்சாயாவும் கொஞ்சம் பொரிகடலையும் கொடுத்தாள். இதைக் காதும் காதும் வைத்த மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினாள். பிள்ளைகள் தலையாட்டின. ஆட்டினபடியே நடந்தும் கொண்டன. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பதினோரு பிள்ளைகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

திறந்தவள் ஞானப்பூ.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உபதேசியார் வீட்டில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். உபதேசியாரம்மா நடுவில் உட்கார்ந்து ஜெபக்குறிப்பு கேட்பாள். யார் யாருக்கு என்ன கஷ்டம் என்று ஒவ்வொருத்தியும் சொல்ல, எல்லாரும் சேர்ந்து அதற்காக மன்றாடுவார்கள். மருமகளுக்குப் பிள்ளை தங்கவில்லை, மகன் குர்லாப் பக்கம் சீட்டாடப் போகிறான் என்று எல்லாம் அங்கே வரும். ஊரில் குழாயடியில் பேசினால் புறணி. அங்கே பேசினால் ஜெபக்குறிப்பு. சொல்கிறவளுக்கும் அந்த வித்தியாசம் தெரியாது, கேட்கிறவளுக்கும் தெரியாது. நல்ல மனசோடுதான் சொல்வார்கள், நல்ல மனசோடுதான் அழுவார்கள்.

ஞானப்பூவுக்கு மூன்று நாளாக நெஞ்சு நிறைந்து கிடந்தது. வாலிபப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று உபதேசியாரம்மா கேட்டாள். கேட்டதில் கொஞ்சம் குத்தல் இருந்தது. இந்தியில் ஜெபம் பண்ணுகிற பிள்ளைகள் அல்லவா? ஞானப்பூவுக்கு ரோஷம் வந்துவிட்டது. போன சனிக்கிழமை பிள்ளைகள் ஜெபித்த ஜெபத்தை இந்தச் சபையில் பெரியவர்கள்கூட ஜெபித்ததில்லை என்றாள். அப்படியா, என்ன ஜெபம் என்றார்கள். பெயர் சொல்லமாட்டேன் என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். ஒரு வீட்டில் தாய்க்கு நோவு, தகப்பன் வேறு வழியில்லாமல் ஸ்டிரைக் நேரத்தில் காடி வழியாக விடியுமுன்னே வேலைக்குப் போகிறார், அவருக்குப் பாதுகாப்பு வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். உபதேசியாரம்மா கண்ணீரோடு ஜெபித்தாள். நல்ல ஜெபம். பெயர் சொல்லாமல் காப்பாற்றிவிட்டோம் என்று ஞானப்பூ நிம்மதியாக வீட்டுக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை விடிய இருட்டோடு காடியில் ஆறு பேர் காத்திருந்தார்கள். இரண்டு தட்டுத் தட்டித் திருப்பி அனுப்பலாம் என்றுதான் போனோம் என்று பிற்பாடு சொன்னார்கள். இருக்கலாம். மாசிலாமணி அவர்களைக் கண்டதும் திரும்பி ஓடினார். சேற்றில் எங்கே ஓட? ஒருவன் வீசின இரும்புக் கம்பி முழங்காலுக்குக் கீழே பட்டு எலும்பு முறிந்தது. விழுந்தவரை அவர்கள் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. பயந்து ஓடிவிட்டார்கள். தண்ணீர் ஏற ஆரம்பித்தது. காடித் தண்ணீர் என்றால் தோல் கழுவின தண்ணீர், சாக்கடை, கடல் மூன்றும் சேர்ந்தது. அது வாய்க்கும் மூக்குக்கும் ஏற ஏற, அவர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கித் தூக்கிக் கிடந்திருக்கிறார். வெளிச்சம் வந்த பிறகு காடிக் கரைக்கு ஒதுங்கப் போன பெண்கள் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். குடித்த தண்ணீர் நெஞ்சில் தங்கிவிட்டது. அதற்குக் கட்டுப் போட முடியாது.

அந்தச் சனிக்கிழமையும் பிள்ளைகள் வந்தார்கள். பாட்டு இல்லை. ஞானப்பூவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் சொன்னது என்று கேட்டாள். ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒவ்வொருவரும் நான் இல்லை என்றார்கள். சொல்லிவிட்டு, நிமிராமலே ஓரக்கண்ணால் கிதியோனைப் பார்த்தார்கள். அவன் முகம் வீங்கியிருந்தது. இடது கண்ணுக்குக் கீழே ரத்தம் கட்டியிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் தவக்கனி வந்து வாசலில் நின்றாள். கையில் கஞ்சித் தூக்குச்சட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள்.

ஞானப்பூ வேதப் புத்தகத்தை எடுத்துக் கிதியோன் முன்னால் வைத்தாள். இதன் மேல் கையை வைத்துச் சொல்லு என்றாள். அவன் கையை வைக்கவில்லை.

"சத்தியம் பண்ணக்கூடாதுன்னு நீங்கதானக்கா சொல்லிக் குடுத்திய. இல்லன்னா இல்லன்னு சொன்னாப் போதும்னு. நான் சொல்லல."

"வையி கைய."

"வைக்க மாட்டேன். நான் சொல்லல. அது போதாதா?"

போதவில்லை. ஒருவருக்கும் போதவில்லை. கை வைக்காதவன் குற்றவாளி என்று பத்துப் பிள்ளைகளும் முடிவுகட்டிவிட்டார்கள். அவர்களுக்கு முன்னாலேயே ஞானப்பூ முடிவுகட்டியிருந்தாள். தவக்கனி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசல் வாளித் தண்ணீரில் தன் வலது கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கிதியோன் அதைப் பார்த்தான். எழுந்து, ஒவ்வொருவர் காலாகத் தாண்டி, வெளியே போனான். அவனைக் கூப்பிட ஞானப்பூவுக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கிதியோனின் அம்மா, அன்பாய் என்று பெயர், வாசலில் நின்றாள். முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள், மழை முழுக்க அவள் மேல்தான் பெய்தது. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"டீச்சர், எம்புள்ள சோறு திங்கல நாலு நாளா. யாரும் அவனோட பேச மாட்டேங்கானுவ. நீங்கதான் விலக்கி வச்சிட்டியளாம்."

ஞானப்பூ பதில் சொல்ல வாயெடுத்தாள். அன்பாய் விடவில்லை.

"அவன் மூஞ்சி ஏன் வீங்கிருக்குன்னு கேட்டியளா? அவங்கப்பா பெல்ட்டால அடிச்சாவ. எதுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தும் எங்கிட்ட ஏம்ல சொல்லலன்னு அடிச்சாவ. சனிக்கெழமையே தெரியும், வெளிய சொல்லமாட்டேன்னு நான் ஜெபத்துல சொல்லிட்டேன் அதான் சொல்லல, அப்பிடின்னுட்டு நிக்கான். சொன்னது நான்தான் டீச்சர். செவ்வாக்கெழம கூட்டத்துல நீங்க ஜெபக்குறிப்பு போட்டிய. நான் வீட்டுக்குப் போயி, சோறு போடும்போது, பாவம் யாரோ ஒரு மனுசன் காடி வழியா போறானாம், அவன ஒண்ணும் செய்யாதியன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். காடின்ன ஒடனே கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாவ. எனக்குப் பேரே தெரியாது. அவியளுக்குப் பேரு வேண்டியதில்ல, வழி போதும்."

ஞானப்பூ பள்ளிக்கூட வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அன்பாய் அழுதுகொண்டே, நாம ரெண்டு பேரும் கெடுதல் நினைக்கலையே டீச்சர் என்றாள். நினைக்கவில்லைதான். அதைச் சொல்லி யாரை எழுப்பி நடக்க வைக்க முடியும்? பிள்ளைகள் மூடிவைத்த வாயை, மூடச் சொன்னவளே திறந்திருக்கிறாள். திறந்ததோடு நில்லாமல், வேதப் புத்தகத்தை வைத்து அந்தப் பையனை விசாரணையும் பண்ணியிருக்கிறாள்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாசிலாமணி கட்டிலில் தலையணை இரண்டை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தவக்கனி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். ஞானப்பூ கட்டில் ஓரத்தில் நின்று நடந்ததைச் சொன்னாள். பெண்கள் கூட்டம், அன்பாய், கிதியோன், ஒன்றையும் விடவில்லை. கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"அவகிட்ட சொல்லாதிய" என்றார்.

சொல்லத்தான் போகிறேன், அந்தப் பையன் பழி சுமக்கிறானே என்றாள் ஞானப்பூ.

"பயலுவ மேல உள்ள கோவம் நாலு மாசத்துல ஆறிப்போவும் டீச்சர். ஒங்க மேல கோவம் வந்துச்சுன்னா அவ ஆண்டவர்ட்டயே பேசமாட்டா. அவ வீட்ல பேசுத புள்ள இல்ல. ஒங்க ரூம்ல பேசினாளாம், எங்கிட்ட வந்து சொன்னா. சிரிச்சிட்டே சொன்னா. லேயாளும் ரொம்ப நாள் இருக்கமாட்டா. பின்ன அவ யார்ட்ட பேசுவா? அவ பேசிட்டு இருக்கட்டும். சொல்லாதிய."

இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்தாறு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஞானப்பூ சரி என்று தலையாட்டினாள். அப்படி ஆட்டும்போது அவளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. சாகக் கிடக்கிறவர் கேட்டுக்கொண்டார், இனி நான் என்ன செய்ய என்கிற நிம்மதி. அது எவ்வளவு கேவலமான நிம்மதி என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை மாசிலாமணி இறந்துபோனார்.

சனிக்கிழமை அடக்கம். ஸ்டிரைக்கில் இருந்தவர்களும் வந்தார்கள். சாவு வீட்டுக்கு வராமல் இருக்க முடியாது. ஆனால் யாரும் உள்ளே வரவில்லை, சந்து முனையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். எலியாசர் தலை குனிந்தபடி எல்லாருக்கும் பின்னால் நின்றார். லேயாளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்கு அழ மூச்சுப் போதவில்லை. பெட்டியைத் தூக்க ஆள் குறைந்தபோது வாலிபர் கூட்டத்துப் பையன்கள் முன்னே வந்தார்கள். கிதியோனும் வந்து தோள் கொடுத்தான்.

தவக்கனி போய் அவன் கையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நீ தூக்கக் கூடாது" என்றாள்.

சத்தம் போடவில்லை. ஆனாலும் சந்தே கேட்டது. கிதியோன் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தேடி ஞானப்பூவைப் பார்த்தான். அவன் அம்மா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல ஞானப்பூவுக்கு அதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை. சபையே நின்றது, யூனியனே நின்றது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். உபதேசியார் பாட்டை எடுத்தார். அவன் இடத்துக்கு வேறொரு பையன் வந்தான். கிதியோன் கல்லறைத் தோட்டம் வரைக்கும் குடையில்லாமல், கூட்டத்துக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தான்.

அந்த வாரம் கம்பெனி இறங்கி வந்தது. பூட்ஸ் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சந்துகளில் மறுபடியும் பகலில் பெண்கள் சத்தம் மட்டும் கேட்டது. தவக்கனி படிப்பை நிறுத்திவிட்டாள், அவளுக்கும் கம்பெனியில் தோல் மயிர் பிரிக்கிற வேலை கொடுத்தார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஞானப்பூ பாய் விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. கிதியோன் கதை பிள்ளைகளுக்கு அரைகுறையாகத் தெரிந்துவிட்டதோ, இல்லை, அப்பன்மார்தான் தடுத்துவிட்டார்களோ. ஐந்தரைக்குப் பாயைச் சுருட்டப் போனாள். அப்போது தவக்கனி வந்தாள். முழங்கைவரை சுண்ணாம்பு வெளுத்திருந்தது.

"யாரும் வரலியாக்கா?"

"வரல மக்கா."

"வராட்டாப் போறானுவ. நாம ரெண்டு பேரும் பண்ணுவோம். ஒங்ககிட்ட மட்டுந்தான் எனக்கு வாய் வருது."

இரண்டு பேர் எப்படி வட்டம் போட? எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு கையையும் கோத்துக்கொண்டார்கள். தவக்கனியின் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. வேலைக்குப் போன நாலைந்து நாளிலேயே தோல் உரிய ஆரம்பித்திருந்தது. அவளே முதலில் ஜெபித்தாள். தயக்கமே இல்லை. இப்போது அவளுக்கு நன்றாகப் பேச வந்தது.

"ஏசப்பா, எங்கப்பா போயிட்டாரு. அடிச்சவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்கள நீங்க பாத்துக்குங்க. சொன்னவனத் தெரியும். என் கையப் பிடிச்சுக்கிட்டே கேட்டவன். மூடி வைங்கன்னு ஒங்ககிட்டயே நடிச்சவன். இனிமே அவன் என்ன கேட்டாலும் நீங்க கேக்கக் கூடாது. அவன் அம்மாவுக்குச் சீக்கு வந்து கதறினாலும் கேக்கக் கூடாது. சாவும்போது கூப்பிட்டாலும் கேக்கக் கூடாது. எங்கப்பாவக் காட்டிக் குடுத்த வாய் எது பேசினாலும் ஒங்க காதுக்கு வரக் கூடாது. ஆமென்."

அவள் ஞானப்பூவின் கையை அமுக்கினாள்.

ஞானப்பூவின் வாய்க்கு முதலில் வந்தது, 'கிருபையும் இரக்கமும் நிறைந்த' என்பதுதான். அதை விழுங்கினாள். செத்தவருக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. இந்தப் பெண்ணுக்கு மிச்சம் இருக்கிற ஒரே இடம் இந்த அறை என்பதும் தெரிந்தது. மழையில் பின்னால் நடந்து வந்த பையனும் கண்ணுக்குள் நின்றான். அந்தப் பெண் கேட்ட சாபம் பையன் வீட்டுக்கு வழி தேடிப் போகட்டும் என்று விட்டுவிட அவளால் முடியவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"ஆண்டவரே, கிதியோன் சொல்லல. அந்த வாய் என் வாய். செவ்வாக்கெழம பெண்கள் கூட்டத்துல நான் சொன்னேன். பேரச் சொல்லல, மத்ததெல்லாம் சொன்னேன். பிள்ளையளு நல்லா ஜெபம் பண்ணுதாவன்னு பீத்திக்கிடத்தான் சொன்னேன். அவன் மேல பழி போட்டதும் நான்தான். புதன்கெழமையே எனக்கு உண்ம தெரிஞ்சுபோச்சு. அடக்கத்தன்னைக்கும் தெரியும். வாயத் தொறக்கல. இந்தப் புள்ள இப்ப கேட்டதெல்லாம் எனக்குத்தான். எனக்கே வரட்டும்."

'அந்த வாய் என் வாய்' என்றபோதே கோத்திருந்த கைகள் உருவிக்கொண்டு போய்விட்டன. ஞானப்பூ கண்ணைத் திறக்கவில்லை. வெறுங்கையை முன்னால் நீட்டினபடியே கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னாள். வாசலில் தட்டுத்தடுமாறிச் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சேற்றில் வேகமாக ஓடுகிற சத்தம். இடது பக்கம், கிதியோன் வீட்டுச் சந்துப் பக்கம் அது போனது. கொஞ்ச தூரம் கேட்டது, அப்புறம் மழையில் கலந்துவிட்டது.

ஞானப்பூ பழக்கதோஷத்தில் சற்று நேரம் காத்திருந்தாள். ஆமென் சொல்ல அறையில் யாரும் இல்லை.